காரின் தரையில் துரு ஓட்டை: எத்தனை மி.மீ. தகடு போடுவது? ‘கெட்டியா போடுங்க’ என்பது ஏன் பாதி பதில்தான்?

மழைக்காலம் முடிந்து, ஈரமான கால்மிதியை எடுத்து உதறிக் காயவைக்கும்போதுதான் பலருக்குத் தெரியவரும். கார்பெட்டுக்குக் கீழே தகடு பொருபொருவென்று உதிர்ந்து கிடக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் உள்ளே போகும். சில வண்டிகளில் அந்த ஓட்டை வழியாக ரோடே தெரியும்.

காரைக்கால் மாவட்டத்தின் குரும்பகரம் போன்ற ஊர்களில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு இது புதுக்கதை இல்லை. நெடுங்காடு பக்கம், வயல்களுக்கு நடுவே இருக்கிற ஊர் அது. அங்கிருந்து பார்த்தால் கடல் தெரியாது. ஆனால் கிழக்கே சில கிலோமீட்டர் போனால் வங்காள விரிகுடா. பி.ஒய். 02 நம்பர் பிளேட்டோடு ஓடும் ஒரு வண்டி, ஒரே வாரத்தில் சேற்று வயல் ரோடு, காரைக்கால் கடற்கரை, திருநள்ளாறு சனிக்கிழமைக் கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிடும். நனைவதற்கும், உப்பு ஒட்டுவதற்கும் வாய்ப்பு நிறைய.

ஓட்டை விழுந்த வண்டி டிங்கரிங் பட்டறைக்குப் போனதும் நடக்கும் பேச்சு எங்கேயும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். “அண்ணே, நல்லா கெட்டியா தகடு போட்டுடுங்க, மறுபடி இந்த வேலை வரக்கூடாது” என்பார் வண்டிக்காரர். “போட்டுடலாம் தம்பி, 16 கேஜ்லயே அடிச்சுடலாம்” என்பார் டிங்கர்.

இரண்டு பேருக்கும் நல்ல எண்ணம்தான். ஆனால் தகடு கெட்டியாக இருப்பதால் மட்டும் துரு தள்ளிப்போகாது. சில இடங்களில் கெட்டித் தகடே அடுத்த ஓட்டைக்குக் காரணமாகிவிடும்.

நேரடிப் பதில் வேண்டுமென்றால்: பெரும்பாலான சிறிய கார்களின் தரைக்கு 0.8 மி.மீ. முதல் 1 மி.மீ. வரை போதும். வரிகள் இல்லாத தட்டையான தகடாக வைத்தால் 1.2 மி.மீ. வரை போகலாம். அதைத் தாண்ட அநேகமாகத் தேவை இல்லை. ஏன் என்பதுதான் கொஞ்சம் நீளமான கதை.

தரை வெறும் தட்டு இல்லை

லாரி, ஜீப், பொலேரோ, பழைய டாடா சுமோ மாதிரியான வண்டிகளில் அடியில் கனமான சேஸிஸ் சட்டம் தனியாக இருக்கும். பாடி அதன் மேல் உட்கார்ந்திருக்கும். அங்கே தரைத் தகடு என்பது கால் வைக்க ஒரு தளம், அவ்வளவுதான். 2 மி.மீ. தகடு போட்டாலும் பெரிய வம்பு இல்லை.

மாருதி 800, ஆல்டோ, ஆம்னி, சான்ட்ரோ போன்றவை அப்படி இல்லை. நம்மூரில் இரும்புக்கோட்டை என்று பெயர் எடுத்த அம்பாசடரும்கூட அப்படி இல்லை. இவற்றில் தனிச் சட்டம் கிடையாது. தரை, கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற பக்கவாட்டுப் பகுதி, நடுவில் மேடாகப் போகும் சுரங்கம், கூரை எல்லாம் சேர்ந்துதான் வண்டியின் எலும்புக்கூடு. முட்டை ஓடு மாதிரி. ஓடு மெலிசுதான், ஆனால் முழுசாக இருக்கும்வரை பலம்.

அந்த ஓட்டில்தான் சீட் போல்ட்டுகள் இறங்குகின்றன. சீட் பெல்ட்டின் கொக்கியும் தரையிலோ, தரையில் பிடித்த சீட்டிலோதான் நிற்கிறது. விபத்தில் பெல்ட் உங்களைப் பிடித்துவைக்க வேண்டுமானால், பெல்ட்டைத் தரை பிடித்துவைக்க வேண்டும். குளோபல் என்கேப் அமைப்பு 2014-இல் இந்திய கார்களை மோதிப் பார்த்து வெளியிட்ட முடிவுகளிலிருந்தே, பாடியின் உறுதியும் முன்சீட்டுக்காரர்களின் காலடிப் பகுதியும் தனியாகப் பேசப்படுகின்றன. 2023 அக்டோபரிலிருந்து நடப்பில் உள்ள பாரத் என்கேப்பும் அதே வழிதான். ஆனால் அந்தப் பரிசோதனையெல்லாம் புது வண்டிக்கு. பன்னிரண்டு மழைக்காலம் பார்த்த வண்டியின் காலடியை யாரும் மோதிப் பார்ப்பதில்லை.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாதது. புகைக்குழாய் தரைக்குக் கீழேதான் ஓடுகிறது. குழாயில் ஒரு கசிவும் தரையில் ஒரு ஓட்டையும் சேர்ந்தால், கண்ணாடி ஏற்றி ஏ.சி. போட்டு உட்கார்ந்திருக்கும்போது கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு வாசனை கிடையாது, நிறமும் கிடையாது. ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று மேல் கால்மிதியைப் போட்டு மூடிவிடும் வேலை இல்லை இது.

கல் உப்பு ஜாடி கற்றுத்தரும் பாடம்

ஐப்பசி, கார்த்திகையில் சமையலறை உப்பு ஜாடியைத் திறந்தால் கல் உப்பு கசிந்து தண்ணீர் விட்டிருக்கும். யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சோடியம் குளோரைடு தானே ஈரத்தை இழுத்துக் கரைய ஆரம்பிக்கும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருக்கிறது. அதற்கு 33 சதவீத ஈரப்பதமே போதும்.

காரின் அடியிலும் இதே சமாச்சாரம்தான். கடற்கரை மணலிலும் காற்றிலும் ஒட்டிவந்த உப்பு, தகட்டின் மடிப்புகளில் போய் உட்கார்ந்துகொள்ளும். வெளியே வெயில் அடித்தாலும் அந்த மடிப்பு காயாது. இரும்பு, ஆக்சிஜன், உப்புத் தண்ணீர் மூன்றும் ஒரே இடத்தில் நாள்கணக்கில் இருந்தால் துருவைத் தடுக்க ஆளில்லை. உருவாகும் துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். அதனால்தான் பெயின்ட் கொப்பளம் கொப்பளமாக எழும்புகிறது.

கடலோரத்தில் இரும்பு எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதைத் தமிழ்நாட்டிலேயே பல காலமாக அளந்துவருகிறார்கள். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம், அதாவது ‘சிக்ரி’, நாட்டின் பல ஊர்களில் உலோகத் துண்டுகளைத் திறந்தவெளியில் வைத்துச் சோதித்து, இந்தியாவுக்கான அரிமான வரைபடத்தையே தயாரித்தது. அதன் சோதனை நிலையங்களில் ஒன்று மண்டபத்தில். கடற்காற்று எஃகை என்ன செய்யும் என்று அறிய அதைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கஷ்டம்.

சர்வதேச தர அமைப்பின் ஐ.எஸ்.ஓ. 9223, காற்றின் அரிக்கும் தன்மையைப் படிநிலைகளாகப் பிரிக்கிறது. அதில் சி4 என்ற கடுமையான படிநிலையில், பூச்சு இல்லாத சாதாரண எஃகு முதல் ஆண்டில் ஒரு பக்கத்தில் 50 முதல் 80 மைக்ரான் வரை தேயும். அதற்கும் மேலான சி5-இல் 80 முதல் 200 மைக்ரான். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால் ஒரு மி.மீ.

இப்போது கணக்குப் போடலாம். 0.8 மி.மீ. தகடு, பெயின்ட் போன பிறகு இரண்டு பக்கமும் ஆண்டுக்கு 50 மைக்ரான் வீதம் தேய்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 மைக்ரான். எட்டு ஆண்டுகளில் தகடே இருக்காது. 1.2 மி.மீ. போட்டால் பன்னிரண்டு ஆண்டு. ‘அப்போ கெட்டித் தகடுதானே லாபம்?’ என்று தோன்றும். ஆனால் துரு இப்படிச் சமமாகத் தேய்ப்பதில்லை. குழி குழியாக, ஒரே இடத்தில் இறங்கும். நனைந்த கார்பெட்டுக்கு அடியில் இந்தக் கணக்கைவிட வேகமாகவே இறங்கும். முக்கியமாக, பெயின்டும் சீலன்ட்டும் முழுசாக இருக்கும்வரை தேய்மானமே கிட்டத்தட்ட இல்லை. அதாவது 0.4 மி.மீ. கூடுதல் தகடு வாங்கித் தருவது சில ஆண்டுகள். ஒழுங்கான பூச்சு வாங்கித் தருவது அதைவிட அதிகம்.

கேஜ் கணக்கு: எண் கூடினால் தகடு மெலியும்

தகடு வாங்கப் போகும்போது முதல் குழப்பம் இதுதான். பட்டறையில் ‘கேஜ்’ என்பார்கள், கடை பில்லில் ‘எம்.எம்.’ இருக்கும். கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலிசாகும். 16-ஐ விட 20 மெலிசு.

நம் ஊரில் பழக்கத்தில் இருப்பது பெரும்பாலும் பிரிட்டிஷ் அளவுமுறை. அதன்படி 16 கேஜ் என்பது சுமார் 1.6 மி.மீ. 18 கேஜ் 1.2, 20 கேஜ் 0.9, 22 கேஜ் 0.7, 24 கேஜ் 0.56 மி.மீ. அமெரிக்க யூடியூப் வீடியோவில் சொல்லும் கேஜ் வேறு கணக்கு. அங்கே 16 கேஜ் சாதாரணத் தகடு 1.5 மி.மீ.தான். ஜி.ஐ. தகட்டுக்கு அவர்களிடம் தனி அட்டவணையே இருக்கிறது. வித்தியாசம் சின்னதுதான். ஆனால் மொத்தத் தடிமனே ஒரு மி.மீ. சுற்றளவில் இருக்கும்போது சின்னதும் பெரியதுதான். கடையில் மி.மீ.யில் கேட்டு வாங்குவதே நல்லது.

அதைவிட நல்லது, தன் வண்டியின் தகட்டைத் தானே அளந்துவிடுவது. சிறிய கார்களின் தரை பொதுவாக 0.6 முதல் 0.9 மி.மீ. வரைதான் இருக்கும். துரு இல்லாத ஓர் ஓரத்தை அல்லது வெட்டி எடுத்த துண்டின் நல்ல பகுதியை எடுத்து, இரண்டு பக்கமும் பெயின்ட், தார்ப்பூச்சு எல்லாம் சுரண்டிவிட்டு அளக்க வேண்டும். பள்ளிக்கூட இயற்பியல் லேபில் ஒரு முடியை வைத்துத் திருகிப் பார்த்த அதே திருகு அளவிதான் இதற்கும் கருவி. 0.01 மி.மீ. வரை காட்டும். பூச்சோடு அளந்தால் 0.7 தகடு 1.2 என்று காட்டிவிடும், ஜாக்கிரதை.

கெட்டித் தகட்டில் என்ன தப்பு?

எடை என்று பலர் நினைப்பார்கள். அது பெரிய விஷயமே இல்லை. ஒரு சதுர மீட்டர் எஃகுத் தகடு ஒரு மி.மீ. தடிமனில் 7.85 கிலோ. 40 செ.மீ.க்கு 60 செ.மீ. பேட்ச் என்றால் 0.8 மி.மீ.யில் ஒன்றரைக் கிலோ, 1.2-இல் இரண்டேகால் கிலோ, 2 மி.மீ.யில் மூன்றே முக்கால் கிலோ. இதனால் மைலேஜ் ஒன்றும் குறைந்துவிடாது.

பிரச்சினை வெல்டிங்கில் தொடங்குகிறது. புதுத் தகடு 2 மி.மீ., அது ஒட்ட வேண்டிய பழைய தகடு 0.7 மி.மீ., அதுவும் துரு தின்றதில் சில இடத்தில் அரை மி.மீ. கெட்டித் தகடு உருக வேண்டிய சூட்டைக் கொடுத்தால் மெல்லியது பொத்துக்கொள்ளும். மெல்லியதைக் காப்பாற்றச் சூட்டைக் குறைத்தால், கெட்டித் தகட்டில் வெல்டிங் இறங்காமல் மேலோடு ஒட்டி நிற்கும். பார்க்கப் பிடித்த மாதிரி இருக்கும், பிடித்திருக்காது. இரண்டு தகடும் கிட்டத்தட்ட ஒரே தடிமனாக இருந்தால் இந்தச் சங்கடமே இல்லை.

அடுத்தது, அசைவு. குண்டும் குழியுமான ரோட்டில் கார் பாடி எப்போதும் கொஞ்சம் முறுக்கிக்கொண்டேதான் ஓடும். மெல்லிய தரை அந்த முறுக்கலைப் பரவலாக வாங்கிக்கொள்ளும். நடுவில் வளையாத பலகை மாதிரி ஒரு கெட்டித் தகடு உட்கார்ந்தால், முறுக்கல் எல்லாம் அதன் ஓரத்தில் போய்க் குவியும். அந்த ஓரம்தான் வெல்டிங் சூட்டில் ஏற்கெனவே பலவீனமான இடம். நாளாக நாளாகப் பேட்ச் அப்படியே இருக்கும், அதைச் சுற்றி முடி மாதிரி விரிசல் ஓடும். விரிசலில் தண்ணீர் இறங்கும். புதுத்துணியில் ஒட்டுப்போட்ட பழைய வேட்டி, ஒட்டுக்குப் பக்கத்தில்தானே கிழியும்?

அப்படியானால் 1.2 மி.மீ. வரை போகலாம் என்று ஏன் சொல்கிறார்கள்? இங்கேதான் தரையில் இருக்கும் வரிகள் வருகின்றன. கம்பெனியில் வரும் தரைத் தகடு தட்டையாக இருக்காது. நீளநீளமாக மேடும் பள்ளமும் அழுத்தியிருப்பார்கள். அழகுக்காக இல்லை. ஒரு காகிதத்தை இரண்டு டம்ளருக்கு நடுவே பாலமாக வைத்தால் தொய்ந்து விழும். அதையே விசிறி மாதிரி மடித்து வைத்தால் மேலே பேனாவே வைக்கலாம். மெல்லிய தகட்டுக்குப் பலம் கொடுப்பது அந்த மடிப்புதான்.

பட்டறையில் வெட்டி வைக்கும் துண்டில் அந்த வரி இருக்காது. அதே 0.8 மி.மீ.யில் தட்டையாக வைத்தால் கால் வைக்கும்போதெல்லாம் ‘டப்’பென்று எண்ணெய் டின் மாதிரி உள்ளே போய் வெளியே வரும். தட்டைத் தகட்டின் விறைப்பு, தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடும். 0.8-லிருந்து 1.0-க்குப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விறைப்பு. 1.2-க்குப் போனால் மூன்று மடங்குக்கும் மேல். வரியில்லாத குறையை அதுவே சரிக்கட்டிவிடும். 1.6-க்குப் போனால் எட்டு மடங்கு. அது உதவியைத் தாண்டி, மேலே சொன்ன விரிசல் கதையில் போய் முடியும்.

கைவேலை தெரிந்த டிங்கர் என்றால் 0.8 அல்லது 0.9 தகட்டிலேயே மரக்கட்டை மேல் வைத்துத் தட்டி இரண்டு வரி எடுத்துவிடுவார். அதுதான் சிறந்த வேலை. கூலி கொஞ்சம் கூடும், கொடுக்கலாம்.

எந்தத் தகடு?

தடிமனுக்குச் சமமாக யோசிக்க வேண்டியது தகட்டின் வகை. கடையில் சி.ஆர். ஷீட், ஜி.ஐ. ஷீட், எச்.ஆர். ஷீட் என்று மூன்று பேர் வரும்.

எச்.ஆர். சூடாக உருட்டியது. மேலே கருஞ்செதில் இருக்கும். இதைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்தால் செதிலோடு பெயின்டும் உரியும். கார் தரைக்கு இது வேண்டாம். சி.ஆர். என்பது குளிர்நிலையில் உருட்டியது. ஐ.எஸ். 513 தரத்தில் வரும். வழவழப்பாக இருக்கும், நன்றாக வளையும், வெல்டிங்குக்கு ஒத்துழைக்கும். பெரும்பாலான டிங்கர்களுக்குப் பிடித்தது இதுதான். ஒரே குறை, பூச்சு இல்லை. கடலோரத்தில் பட்டறை மூலையில் ஒரு வாரம் சாத்தி வைத்தாலே மஞ்சள் படிந்துவிடும்.

ஜி.ஐ. தகட்டில் துத்தநாகப் பூச்சு இருக்கிறது. ஐ.எஸ். 277 தரத்தில் 275 கிராம் பூச்சு என்றால் ஒரு சதுர மீட்டர் தகட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்த்து அவ்வளவு துத்தநாகம். ஒரு பக்கத்துக்கு சுமார் 19 மைக்ரான் வரும். கேட்கக் கொஞ்சம்தான். ஆனால் எஃகு 50 முதல் 80 மைக்ரான் தேயும் அதே சி4 காற்றில் துத்தநாகம் தேய்வது ஆண்டுக்கு 2 முதல் 4 மைக்ரான்தான். அந்த 19 மைக்ரான், ஒரு பக்கத்தில் கால் மி.மீ. எஃகைவிட அதிகமாகத் தாக்குப்பிடிக்கும். 1.2 மி.மீ. சி.ஆர். தகட்டுக்குப் பதில் 1 மி.மீ. ஜி.ஐ. போட்டால் இழப்பு ஒன்றும் இல்லை என்பது இதனால்தான். பூச்சில் சின்னக் கீறல் விழுந்தாலும் துத்தநாகம் முதலில் தன்னைக் கொடுத்துப் பக்கத்து எஃகைக் காக்கும்.

ஆனால் ஜி.ஐ. என்றதும் கூரை போட்டு மிஞ்சிய ஷீட்டை எடுத்துவந்துவிடக் கூடாது. கூரைத் தகடு பெரும்பாலும் அரை மி.மீ. சுற்றுதான். வரி இருப்பதால் கூரையில் நிற்கிறது, காலடியில் நிற்காது. எண்ணெய் டின் தகடு அதைவிட மெலிசு. அலுமினியத் தகட்டை ரிவிட் அடித்து மூடுவதும் நடக்கிறது. உப்புத் தண்ணீர் நடுவில் இருக்க, இரண்டு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டால் அது ஒரு சின்ன பேட்டரி. ஒன்று மற்றொன்றைத் தின்னும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போட்டால் தின்னப்படுவது பக்கத்தில் இருக்கும் கார் தகடு. பேட்ச் பளபளவென்று இருக்கும், அதைச் சுற்றி ஓட்டை.

வெல்டிங்: அவசரம் கூடாத இடம்

ஜி.ஐ.யின் நல்ல குணமே வெல்டிங்கில் தொல்லை ஆகும். துத்தநாகம் 907 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். எஃகு உருக ஏறத்தாழ 1,500 டிகிரி வேண்டும். அதனால் எஃகு உருகும் முன்பே துத்தநாகம் வெள்ளைப் புகையாக எழும்பும். அதைச் சுவாசித்தால் சில மணி நேரம் கழித்துக் குளிர் நடுக்கத்தோடு ஜுரம் வரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வதுண்டு. பால் வயிற்றுக்குப் போகிறது, புகை நுரையீரலுக்குப் போகிறது. வெல்டிங் வரும் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டு, காற்றோட்டமான இடத்தில், உலோகப் புகைக்கான மாஸ்க்கோடு செய்வதுதான் வழி. தேய்த்து எடுத்த ஓரத்துக்குப் பிறகு துத்தநாக ப்ரைமர் கட்டாயம்.

மெல்லிய தகட்டுக்குச் சாதாரண ராடு வெல்டிங் சரிப்படாது, பொத்துவிடும். கேஸ் வெல்டிங் முடியும், ஆனால் சூடு பரவித் தகடு அலை அலையாக நெளியும். இப்போது பல பட்டறைகளில் இருக்கும் சி.ஓ.2 வெல்டிங்தான் பொருத்தம். 0.8 மி.மீ. கம்பி போட்டு, ஒரே கோடாக இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டுப் பிடிக்க வேண்டும்.

அதற்கு முன் துருவை எதுவரை வெட்டுவது என்ற கேள்வி இருக்கிறது. ஓட்டை உள்ளங்கை அளவு என்றால், அதைச் சுற்றி வலுவிழந்த தகடு தட்டு அளவுக்கு இருக்கும். ஸ்க்ரூடிரைவரின் பின்பக்கத்தால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல தகடு ‘டங்’ என்னும், கெட்டது ‘டப்’ என்னும். பளிச்சென்ற வெள்ளி நிறத் தகடு வரும்வரை வெட்டியாக வேண்டும். கூலியும் நேரமும் மிச்சம் என்று துருவின் மேலேயே ஒரு தகட்டை வைத்து ஓரம் பிடிப்பதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் ஏமாற்று. இரண்டு தகட்டுக்கும் நடுவே ஈரம் மாட்டிக்கொண்டு, உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும். இப்படி வைத்த 16 கேஜ் தகட்டைவிட, சுத்தமாக வெட்டி வைத்த 20 கேஜ் நீண்ட நாள் நிற்கும்.

தீப்பொறி விழும் இடத்துக்குக் கீழே என்ன ஓடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், ஒயரிங் எல்லாம் தரையை ஒட்டித்தான் போகின்றன. கார்பெட், சீட், அடியில் ஒட்டியிருக்கும் தார்ப்பூச்சு எல்லாமே பற்றும் பொருள்கள். சீட்டைக் கழற்றாமல், ‘ஒரு ஓரமா ஒதுக்கிட்டுப் பண்ணிடலாம்’ என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஏர்பேக் உள்ள வண்டிகளில் அதன் கட்டுப்பாட்டுப் பெட்டி பெரும்பாலும் நடுமேட்டில் இருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் துப்பாக்கியைத் தொட வேண்டும். பக்கத்தில் தீயணைப்பான் இல்லாவிட்டால் குறைந்தது இரண்டு வாளி மணலாவது இருக்கட்டும்.

பேட்ச் போடவே கூடாத இடங்கள்

கால் வைக்கும் தட்டையான பகுதியில் ஓட்டை என்றால் பேட்ச் நியாயமான தீர்வு. ஆனால் சீட் போல்ட் இறங்கும் குறுக்குச் சட்டம், பெல்ட் கொக்கி நிற்கும் இடம், ஜாக்கி வைக்கும் முனை, கதவடிப் பெட்டி, சஸ்பென்ஷன் பிடிக்கும் பகுதி ஆகியவற்றில் துரு ஏறியிருந்தால் தகட்டின் தடிமன் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. புதிய கார்களில் இந்தப் பகுதிகள் பல, உயர்வலு எஃகில் வருகின்றன. அவற்றைச் சூடாக்கினாலே வலு போய்விடும். கடையில் கிடைக்கும் சாதாரணத் தகட்டை எவ்வளவு கெட்டியாக வைத்தாலும் அதற்கு ஈடாகாது. கம்பெனி பேனலை வாங்கி முழுசாக மாற்ற வேண்டும், அல்லது வண்டியின் வயதைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும்.

சேஸிஸ் நம்பர் விஷயத்தில் இன்னும் கவனம். பல மாடல்களில் அது முன்சீட்டுக்கு அடியில் தரையிலேயே குத்தப்பட்டிருக்கும். டிங்கர் வேகத்தில் வெட்டி எடுத்துவிட்டாலோ, மேலே தகடு வந்து மூடிவிட்டாலோ, வண்டியின் அடையாளமே போன மாதிரி. தனியார் காரின் பதிவு 15 ஆண்டுகள்தான் செல்லும். அதன் பிறகு வண்டியைக் காட்டி ஐந்து ஐந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அங்கே முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான். 600 ரூபாயாக இருந்த புதுப்பிப்புக் கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் காருக்கு 5,000 ரூபாய் ஆனது. அவ்வளவு கட்டிவிட்டு நம்பர் தெரியவில்லை என்று திரும்பி வருவது கொடுமை. அந்தப் பகுதியே துரு பிடித்திருந்தால், வெட்டும் முன் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுவிடுவது நல்லது.

இன்சூரன்ஸ் தருமா என்று கேட்பவர்களுக்கு: வழக்கமான துருவுக்குத் தராது. தேய்மானம் பாலிசிக்கு வெளியே. வெள்ளத்தில் மூழ்கிய வண்டி வேறு கணக்கு. முழு பாலிசி இருந்தால் அது இழப்பீட்டுக்குள் வரும். அப்போது உள்ளே புகுந்தது கடல் நீர் என்றால், கார்பெட்டைக் கழற்றி நல்ல தண்ணீரில் தரையை அலசிக் காயவைக்கச் சொல்லிக் கேளுங்கள். இன்ஜினைப் பற்றியே எல்லோரும் கவலைப்படுவார்கள். தரைக்குள் தங்கிய உப்பு அடுத்த ஆண்டுதான் கணக்கைக் காட்டும்.

தகடு வைத்த பிறகு

வெல்டிங் முடிந்து ஆறியதும் வேலை பாதிதான் முடிந்திருக்கும். மணிகளைத் தேய்த்து, துத்தநாக ப்ரைமர் அடித்து, இணைப்பு முழுவதும் இரண்டு பக்கமும் சீலன்ட் இழுத்து, மேலே பெயின்ட், அடியில் அண்டர்கோட்டிங். இந்த வரிசை மாறக் கூடாது. நேராக அண்டர்கோட்டிங் அடித்துக் கறுப்பாக்கிக் காட்டினால் அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் கறுப்பு அடிக்கும் முன் ஒருமுறை வண்டியைத் தூக்கிவைத்துப் பார்த்துவிட வேண்டும், போனில் நாலு படமும் எடுத்துக்கொள்ளலாம். பழைய இன்ஜின் ஆயிலைத் தடவும் பழக்கமும் இருக்கிறது. அது ரப்பர் புஷ்களை ஊறவைத்துக் கெடுக்கும், மழையில் வழிந்து வாய்க்காலுக்கும் வயலுக்கும் போகும். அதைவிட்டுவிடலாம்.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்காமல் கார்பெட்டைத் திரும்பப் போட்டால் செய்த செலவு வீண். முன் இடதுபக்கக் காலடி மட்டும் ஈரம் என்றால் பெரும்பாலும் ஏ.சி. தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்திருக்கும். ஊதிவிட்டாலே சரியாகும் சின்ன வேலை. கதவோரம் ஈரம் என்றால் கதவு ரப்பரையும், கதவுக்கு அடியில் உள்ள வடிகால் துளைகளையும் பார்க்க வேண்டும். முன்கண்ணாடி ரப்பரில் கசிவு இருந்தால் பக்கெட் தண்ணீரை மேலே ஊற்றி, உள்ளே ஒருவரை டார்ச்சோடு உட்கார வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தரையில் ஆங்காங்கே வட்டமான ரப்பர் மூடிகள் இருக்கும். பழைய வண்டிகளில் பாதி தொலைந்துபோயிருக்கும். அந்தத் துளைகளையும் சேர்த்துத் தகடு வைத்து அடைத்துவிட டிங்கர் சொன்னால் ஒத்துக்கொள்ள வேண்டாம். அதே அளவு மூடி ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கிடைக்கும். அடுத்த ஐப்பசியில் எப்படியாவது தண்ணீர் உள்ளே வந்துவிட்டால், அந்த மூடியைக் கழற்றினால்தான் அது வெளியே போகும்.